கடலுக்கு முதுகு காட்டியவர்கள்

திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரையில் அன்று சாயங்காலம் நின்ற அத்தனை பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மூன்று ஆண்களைத் தவிர. அந்த மூன்று பேரும் எங்கள் வேனில் வந்தவர்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வரிசையாக நின்றார்கள். அவர்கள் பார்த்த பக்கம் சாலையும், சாலைக்கு அப்பால் விமான நிலையத்து மதிலும் இருந்தன. மதிலைப் பார்ப்பதற்காக ராஜபாளையத்திலிருந்து விடியும் முன்னே கிளம்பி, மலை ஏறி இறங்கி, வழியில் குழந்தைகள் ரெண்டு தடவை வாந்தி எடுத்து, வந்து சேர்ந்திருந்தோம்.

என் மகள் அலையில் விழுந்து எழுந்து, உப்புத் தண்ணீரைத் துப்பியபடி கத்தினாள். "அப்பா, என் செருப்பு போயிருச்சு!"

"இரு பாப்பா, சக்கரம் இறங்குது" என்றார் இவர், திரும்பாமலே.

சக்கரம் இறங்கியது. செருப்பு அரபிக் கடலுக்குப் போனது. விமானம் தன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே உறுமிப் போனது. மூன்று ஆண்களும் வாயைப் பிளந்தபடி ஒன்றாகக் கழுத்தைத் திருப்பினார்கள். ஆண்டாள் தேரை இப்படிப் பார்த்திருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

ருக்மணி அக்கா சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "ஏட்டி பாக்கியம், தாலி கட்டுத அன்னைக்குக்கூட இவிய நம்மள இப்பிடிப் பாக்கலையேட்டி."

அன்றைக்கு இருட்டுவதற்குள் அந்த மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார்கள். அதைச் சொல்வதற்கு முன், இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

விமானம் இறங்காத ஊரின் விமானச் சங்கம்

ராஜபாளையத்தில் மில் உண்டு, மாம்பழம் உண்டு, ஊர் பெயரிலேயே நாய் உண்டு. விமான நிலையம் கிடையாது. மேற்கே மலை. அந்த மலைக்கு மேலே நாளைக்கு ஒன்றிரண்டு விமானங்கள் கொசு அளவுக்குத் தெரியும். சில நாள் அதுவும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். இந்தக் கொசுவை நம்பி ஒரு சங்கம் நடந்தது.

தலைவர் கோவிந்தராஜு அண்ணாச்சி. மில்களில் மிஞ்சுகிற கழிவுப் பஞ்சை வாங்கி விற்பவர். அவர் மனைவிதான் ருக்மணி அக்கா. வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைப் போலத் தமிழ். செயலாளர் என் வீட்டுக்காரர், மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மீதமிருந்த ஒரே உறுப்பினர் தேவசகாயம் சார், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். கல்யாணம் ஆகாதவர் என்பதால் தெர்மகோலில் விமானம் செய்ய நேரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அண்ணாச்சியின் பஞ்சுக் குடோன் மொட்டை மாடியில் கூடுவார்கள். அண்ணாச்சி கழுத்தில் பைனாகுலர் தொங்கும். மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அதே மச்சினன் கொடுத்த ரேடியோ ஒன்றும் இருந்தது. பைலட்டுகள் பேசுவது அதில் கேட்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தான். எனக்குக் கேட்டதெல்லாம் தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'ஸ்ஸ்' என்ற ஒரு சத்தம்தான். அண்ணாச்சிக்கு அந்தச் சத்தம் இங்கிலீஷாகக் கேட்கும்.

"பைலட்டு பேசுதாரு. கேரளாப் பக்கம் மேகம் போட்டிருக்காம். செத்த நேரம் சுத்திட்டு இறங்குதேங்காரு."

என் வீட்டுக்காரர் பயபக்தியோடு தலையாட்டுவார். மில்லில் மிஷின் ஒன்று லேசாகச் சத்தம் மாறினால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கிற காது அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார் போல.

அண்ணாச்சிக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த மூன்று பேரில் விமானத்தில் ஏறியவர் அவர் ஒருவர்தான். மதுரையிலிருந்து மதராசுக்கு, ஒரே ஒரு முறை. அந்த ஒரு மணி நேரப் பயணத்தை அவர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் நீண்டுகொண்டே போனது.

"ஏறி உக்காந்ததும் ஒரு பொண்ணு தட்டுல மிட்டாயும் பஞ்சும் கொண்டாந்துச்சு. பஞ்சு எதுக்குன்னா, காதுல வச்சுக்கிட. நான் அதை விரல்ல உருட்டிப் பாத்தேன். ஏம்மா, இது மட்டப் பஞ்சுல்லா, எங்கிட்டச் சொல்லியிருந்தா நல்ல பஞ்சா அனுப்பியிருப்பேனேன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு."

அந்தப் பெண் முதலில் சிரித்ததோடு நின்றாள். அடுத்த வருஷம் பைலட்டிடம் போய்ச் சொன்னாள். அதற்கடுத்த வருஷம் பைலட்டே எழுந்து வந்து அண்ணாச்சிக்குக் கை கொடுத்தார். விமானத்தை அப்போது யார் ஓட்டினார்கள் என்று நான் ஒரு முறை கேட்டேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹெலிகாப்டர்

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். ஒரு தேர்தல் சமயத்தில் பெரிய தலைவர் ஒருவர் ஹெலிகாப்டரில் வருகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஊருக்கு வெளியே பொட்டலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டதும் கோர்ட் காலியாகிவிட்டது. வக்கீல்கள் கறுப்பு அங்கியோடு வெளியே ஓடினார்கள். விசாரணைக்குக் கொண்டுவந்த கைதியும் அவனைச் சங்கிலியில் பிடித்திருந்த காவலரும் ஒன்றாக ஓடினார்கள். யார் யாரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று இன்று வரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொட்டலில் சங்கத்தார் மூன்று பேரும் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். மில்லுக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தார் இவர். ஹெலிகாப்டர் இறங்கியது. செம்மண் புழுதி எழுந்து பந்தலையும், வரவேற்க வந்தவர்களையும், பக்கத்தில் தட்டில் பால்கோவா விற்றுக்கொண்டிருந்தவரையும் ஒரே நிறமாக்கியது. தலைவர் மேடைக்குப் போனார். கூட்டம் அவர் பின்னால் போனது. சங்கத்தார் ஹெலிகாப்டரோடு இருந்துவிட்டார்கள்.

சாயங்காலம் தலை முதல் கால் வரை செம்மண்ணோடு வீட்டுக்கு வந்தவரைக் கேட்டேன். "தலைவர் என்ன பேசுனாரு?"

"யாரு?" என்றார்.

அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. பேச்சைக் கேட்டவர்களைவிட அவர் நஷ்டப்படவில்லை.

பத்மநாபர் பெயரைச் சொல்லி

கடற்கரைக்குப் போகலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தது நாங்கள் பெண்கள். கோடை லீவு. குழந்தைகள் கடலையே பார்த்ததில்லை.

"திருச்செந்தூர் போவோம். சாமியும் கும்பிடலாம், கடல்லயும் குளிக்கலாம்" என்றார் ருக்மணி அக்கா.

அண்ணாச்சி தாடையைத் தடவினார். "திருச்செந்தூர்ல கூட்டம் தாங்காது. திருவனந்தபுரம் போனா என்ன? பத்மநாப சாமி படுத்திருக்காரு. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ல படுத்திருக்கிற பெருமாளு கணக்கா. நீ எம்புட்டு நாளா கேக்கிற?"

அக்கா அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் பெருமாள் பெயரைச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். அந்தக் கடற்கரையை ஒட்டியே விமான நிலையம் இருப்பதை மூன்று பேரும் எங்களிடம் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கோயில் நடை சாத்தியிருந்தது. "சாயங்காலம் வந்து பாத்துக்கிடுவோம்" என்று அண்ணாச்சி அவசரமாக வேனைக் கடற்கரைக்குத் திருப்பச் சொன்னார். முதல் விமானம் தலைக்கு மேல் போனபோதுதான் அக்காவுக்கும் எனக்கும் எல்லாம் விளங்கியது. கட்டிக்கொண்டு போன புளியோதரையை அக்கா அண்ணாச்சிக்கு மட்டும் கடைசியில் போட்டார், அடிப்பிடித்த பக்கமாகப் பார்த்து.

ரேடியோ பேசியது

செருப்பு போன கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. அண்ணாச்சி ரேடியோவை மணலில் வைத்து முள்ளைத் திருகிக்கொண்டிருந்தார். திடீரென்று அது பேசியது. 'ஸ்ஸ்' இல்லை. தெளிவான மனுஷக் குரல், இங்கிலீஷில், யாரோ யாருக்கோ ஏதோ எண் சொன்னார்கள்.

மூன்று பேரும் உறைந்துபோனார்கள். தேவசகாயம் சார் கண்ணில் தண்ணீர்.

"கேக்குதா? கேக்குதா?" என்று அண்ணாச்சி சத்தத்தை முழுதாகக் கூட்டினார். கடற்கரையில் பாதிப் பேருக்குக் கேட்டது. ரோந்து வந்த இரண்டு போலீஸ்காரர்களுக்கும் கேட்டது.

அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டும். இலங்கைப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நேரம். தமிழ் பேசுகிற மூன்று ஆண்கள், விமான நிலையத்து மதில் பக்கம், பைனாகுலரோடு, பைலட் பேச்சைக் கேட்கிற ரேடியோவோடு. நானே போலீஸாக இருந்தாலும் பிடித்திருப்பேன்.

போலீஸ்காரர் மலையாளத்தில் ஏதோ கேட்டார். அண்ணாச்சி இங்கிலீஷில் பதில் சொன்னார். அங்கேதான் கெட்டது காரியம். "வீ ஆர் ஏவியேஷன் பீப்பிள்" என்றார். மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நாங்கள் குழந்தைகளை ஈரத்தோடு வாரிப் போட்டுக்கொண்டு வேனில் பின்னாலேயே போனோம்.

இத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது சிரிப்பு நின்றுபோனது. கோர்ட்டில் நான் டைப் அடிக்கிற காகிதங்களில் எத்தனையோ பேர் 'சந்தேகத்தின் பேரில்' என்ற இரண்டு சொல்லில் உள்ளே போய், வெளியே வர மாசக்கணக்கானதைப் பார்த்திருக்கிறேன். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

ஏணி வரைக்கும்

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்தது. நாகர்கோவிலில் படித்தவராம். குரலை உயர்த்தாத மனிதர். எங்களையும் உள்ளே வரச் சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தார்.

"பஞ்சு வியாபாரிக்கு ஏரோப்ளேன் கிட்ட என்ன வேலை?"

"பாக்கத்தான் சார்" என்றார் அண்ணாச்சி. "எங்களுக்கு அது ஒரு ஆசை."

"பார்க்கிறதுக்கு இவ்வளவு தூரமா? டிக்கெட் எடுத்து ஏற வேண்டியதுதானே?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். தலைவரின் பெருமையைச் சொன்னால் காப்பாற்றலாம் என்று நினைத்தார், பாவம். "அண்ணாச்சி ஏறியிருக்காரு சார். மதுரையில இருந்து மதராசுக்கு. பைலட்டே வந்து கை கொடுத்திருக்காரு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பைலட்டைத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். எந்த மாசம், எந்த வருஷம் என்று கேட்டார். மதுரைக்குப் போன் போட்டு விசாரித்தால் எல்லாம் தெரிந்துவிடும், நாளைக்கு மத்தியானத்துக்குள் பதில் வரும், அதுவரை மூன்று பேரும் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார்.

அண்ணாச்சி ருக்மணி அக்காவைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் என் மடியில் ஈரத் தலையோடு தூங்கிப்போன என் மகளைப் பார்த்தார்.

"விசாரிக்க வேண்டாம் சார். நான் ஏறல."

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"டிக்கெட்டு எடுத்தது நெசம். மதுரைக்குப் போனதும் நெசம். ஏணி வரைக்கும் நடந்துட்டேன் சார். எஞ்சின் போட்டான். காலு ரெண்டும் மரத்துப்போச்சு. வயித்து வலின்னு சொல்லித் திரும்பிட்டேன். ரயில்ல மதராசு போயி வேலைய முடிச்சிட்டு வந்து, பறந்தேன்னு சொல்லிட்டேன். பொறவு நிறுத்த முடியல."

"அப்போ இத்தனை ஆசை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏறத்தான் சார் பயம். பாக்கப் பயமில்ல."

கோபம் வந்தால் நாலு பேர் முன்னாலும் அக்காவின் வீட்டுத் தெலுங்கு வெளியே வரும். "ஏமண்டி?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அண்ணாச்சி இன்ஸ்பெக்டரிடம் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தார்.

இன்ஸ்பெக்டர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். துடைக்கிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. விமானத்தின் ஏணியைக் கண்டு ஓடியவனை எந்தத் தீவிரவாதக் கூட்டமும் வேலைக்கு வைக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மில்லுக்கு ஒரு போன் போட்டு என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தார். பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தார். ரேடியோவைக் கொடுக்கவில்லை. "இது இங்கே இருக்கட்டும். உங்களுக்கு இதனால் நல்லது வராது" என்றார்.

பத்மநாபர் கோயில் நடையை அதற்குள் மறுபடி சாத்திவிட்டார்கள்.

செங்கோட்டைப் பரோட்டா

வேன் மலை ஏறியது. அண்ணாச்சி டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், முதுகு தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாதபடி. இத்தோடு சங்கம் கலைந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் இனி வீட்டில் உளுந்து அரைக்க ஓர் ஆள் கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டேன்.

செங்கோட்டையில் பரோட்டாக் கடையில் நிறுத்தினோம். எல்லோரும் இலையைப் பார்த்தபடி பிய்த்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். திட்டப் போகிறார், இத்தனை வருஷம் ஏமாந்ததற்கு நாலு வார்த்தை கேட்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, ஏணி வரைக்கும் போயிருக்கீகள்ல?"

அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"அம்புட்டுப் பக்கத்துல நின்னா எஞ்சின் சத்தம் எப்பிடி இருந்துச்சு? விசில் மாதிரியா, இல்ல கர்ஜனையா?"

அண்ணாச்சி மெதுவாக நிமிர்ந்தார். "முதல்ல விசிலுதான்" என்றார். "பொறவு, நம்ம குடோன் தகரத்துல மழை கொட்டுமே, அப்பிடி. நெஞ்சுக்குள்ள அதிரும்."

தேவசகாயம் சார் சால்னாக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கிட்டே நகர்ந்தார். "ஏணிப் படி அலுமினியமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பொய்யை வருஷக்கணக்கில் கேட்டவர்கள் இப்போது உண்மையை முதலிலிருந்து கேட்கத் தயாராகிவிட்டார்கள். அண்ணாச்சியும் சொல்லத் தயாராகிவிட்டார். அன்று சொன்னதில் அந்த மிட்டாய்ப் பெண்ணும் பைலட்டும் இல்லை. வெயிலும், தார் வாசனையும், கால் நகராமல் நின்ற ஒரு மனிதனும் இருந்தார்கள். ஒப்புக்கொள்கிறேன், பழைய கதையைவிட அது நன்றாகவே இருந்தது.

ருக்மணி அக்கா கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"எல்லாரும் பேசி முடிச்சாச்சா? இப்ப நான் சொல்லுதேன். எனக்கு ஏறணும். நானும் பாக்கியமும் போறோம். டிக்கெட்டு எடுங்க."

"நீயா? தனியாவா?" என்றார் அண்ணாச்சி.

"உங்க கதைய நம்பித்தான் இம்புட்டு நாளு மேகத்தப் பாத்தேன். இனி நானே போயிப் பாத்துக்கிடுதேன்" என்றார் அக்கா.

இரண்டு சீட்டு

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் போனோம். மதராசில் அக்காவின் தங்கை வீடு இருந்தது. மதுரை விமான நிலையத்து வேலி ஓரத்தில் சங்கத்தார் மூன்று பேரும் நின்றார்கள். ஒரு பைனாகுலர், மூன்று ஜோடிக் கண்கள். இழுபறியைத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

ஏணி அருகில் அக்கா ஒரு கணம் நின்றார். சத்தம் உண்மையிலேயே நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அக்கா சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடோன் மாடிப் படி ஏறுவதுபோல் விறுவிறுவென்று ஏறினார்.

உள்ளே ஜன்னல் சீட்டை என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். விமானம் எழும்பியபோது நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். பக்கத்தில் சிரிப்புச் சத்தம். திறந்து பார்த்தால் அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, ராட்டினத்தில் ஏறிய பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, கம்மாயெல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி கிடக்குட்டி!" என்று கத்தினார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரையும் எட்டிப் பார்க்கச் சொன்னார்.

மதராசில் இறங்கி, தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். குடோன் போன் பக்கத்தில் மூன்று பேரும் அதற்குள் வந்து காத்திருந்தார்கள். முதலில் என் வீட்டுக்காரர் பேசினார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். "சக்கரம் உள்ள மடங்கும்போது டொக்குன்னு சத்தம் கேட்டுச்சா?" என்றார். கண்ணை மூடியிருந்ததால் கவனிக்கவில்லை என்றேன். போனில் நீண்ட பெருமூச்சு வந்தது.

அடுத்து அக்கா வாங்கினார். எதிர்முனையில் அண்ணாச்சி. தெலுங்கும் தமிழும் கலந்து பேச்சு ஓடியது. மேகம், கம்மாய், காப்பி, இறங்கும்போது காது அடைத்தது என்று அக்கா ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் அண்ணாச்சி ஏதோ கேட்டார். அக்கா கொஞ்சம் நிறுத்தினார்.

"ஏணிகிட்டயா? ஆமாங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "எனக்கும் காலு நடுங்கிருச்சு. திரும்பிரலாம்னுதான் பாத்தேன். பின்னால ஆளு நின்னதால ஏறிட்டேன்."

நான் அவர் தோளைத் தட்டினேன். அக்கா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சும்மா இருட்டி. இன்னைக்காவது மனுஷன் சந்தோசமா சாப்பிடட்டும்."